ஊறுகாய் பாட்டிலை எடை போடுவதில் தொடங்குங்கள்: அன்றாடம் நாம் உட்கொள்ளும் பதப்படுத்திகளைக் கணக்கிடும் வழி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "மாதிரியை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்?" பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், வட்டாரத் தொண்டூழியர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் ஒரு சமையலறைத் தராசைக் கையில் கொடுத்து, முதலில் ஒரு வீட்டுக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வரச் சொல்வேன். சாஸ், ஊறுகாய், சிரப், ஜாம் என்று நமக்கு வேண்டிய பாதி விஷயம் அந்தக் கதவு அடுக்கில்தான் நிற்கிறது.

கணக்கு என்னவோ தொடக்கநிலை நான்கு மாணவர் போடக்கூடியதுதான். ஓர் உணவை ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு சாப்பிட்டார், அதில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பதப்படுத்தி (உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், பிரிசர்வேட்டிவ்) இருக்கிறது, இரண்டையும் பெருக்க வேண்டும். எல்லா உணவுக்கும் இப்படிப் பெருக்கிக் கூட்டி, அவருடைய உடல் எடையால் வகுத்தால் வருவது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற விடை. இதில் தப்பு நடப்பது பெருக்கலில் இல்லை, பெருக்கலுக்குள் போகும் எண்களில். அதனால் கீழே எண்களைத் திரட்டும் பகுதிக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

"பிரிசர்வேட்டிவ் எவ்வளவு சாப்பிடுகிறோம்?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. பென்சோயேட் எவ்வளவு, சல்பைட் எவ்வளவு என்று தனித்தனியாகத்தான் கேட்க முடியும். ஒவ்வொன்றும் வேறு உணவில் இருக்கும், உடலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதற்கான வரம்பும் வேறு.

லேபிளில் எண்களாகப் பார்த்திருப்பீர்கள். 200 முதல் 203 வரை சோர்பிக் அமிலமும் அதன் உப்புகளும். 210 முதல் 213 வரை பென்சோயிக் அமிலக் குடும்பம், அதில் நமக்கு அடிக்கடி கண்ணில் படுவது 211, அதாவது சோடியம் பென்சோயேட். 220 முதல் சல்பைட்கள். 249, 250 நைட்ரைட். 251, 252 நைட்ரேட். ரொட்டியில் 282 இருந்தால் அது கால்சியம் புரொப்பியோனேட்.

எது எந்த உணவில் இருக்கும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பட்டியலை நீங்களே எழுதிவிடலாம். பென்சோயேட் புளிப்பான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும், அதனால் பானம், ஊறுகாய், மிளகாய் சாஸ் ஆகியவற்றில் இருக்கும். சோர்பேட் புளிப்புக் குறைந்த இடத்திலும் ஓரளவு தாக்குப்பிடிப்பதால் கேக், பாலாடைக்கட்டி வரை போகிறது. புரொப்பியோனேட் பூஞ்சையைத் தடுக்கும், ஈஸ்ட்டை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அதனால் ரொட்டிக்கு வசதி. சல்பைட் நிறம் கறுக்காமல் காக்கும், ஆகவே உலர்பழம், ஒயின், சில உறைய வைத்த இறால்களில் தேடுங்கள். நைட்ரைட் இருப்பது பதப்படுத்திய இறைச்சியில்: சாசேஜ், லஞ்சன் மீட், ஹாம்.

சிங்கப்பூரில் லேபிள் படிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சில பாட்டில்களில் எண்ணோ பெயரோ இருக்கும். சிலவற்றில் "அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தி" என்று மட்டும் இருக்கும். இரண்டாவது வகையை "தெரியாது" என்ற கட்டத்தில் போடுங்கள், "இல்லை" என்று போட்டுவிடாதீர்கள். சல்பைட் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எதிலுமே அளவு இருக்காது. பொட்டலத்தில் இருப்பதைப் பார்த்து "இருக்கிறது" என்று சொல்லலாம், "இவ்வளவு" என்று சொல்ல முடியாது.

பானங்களின்மேல் இருக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பார்த்து "இதில் ஏ இருக்கிறதே, கெமிக்கல் இருக்காது" என்று சொல்கிறவர்களையும் சந்திப்பீர்கள். அந்த எழுத்து சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரப்படுவது. பதப்படுத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் படி: எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

உணவு வேளாண் நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு ஒன்று 1956 முதல் இயங்குகிறது. ஜெக்ஃபா என்பார்கள். அது ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஏற்கத்தக்க தினசரி அளவு ஒன்றைச் சொல்கிறது. வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் கவலைக்குரிய தீங்கு இல்லை என்று கருதப்படும் அளவு அது. பெரும்பாலும் விலங்கு ஆய்வில் பாதிப்பே தெரியாத அளவை எடுத்து, அதை 100ஆல் வகுத்து வருவது. ஆகவே ஒரு நாள் அதைத் தாண்டினால் உடனே ஏதோ ஆகிவிடும் என்று பொருளில்லை. ஆஸ்துமா உள்ள ஒருவருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இந்த எண் பொறுப்பேற்பதும் இல்லை.

உடல் எடையில் கிலோவுக்கு, ஒரு நாளைக்கு: சோர்பிக் அமிலம் 25 மில்லிகிராம். சல்பைட், கந்தக டை ஆக்சைடாகக் கணக்கிட்டால், 0.7. நைட்ரைட் அயனி 0.07. பென்சோயிக் அமிலத்துக்குப் பல பத்தாண்டுகளாக 5ஆக இருந்ததை 2021இல் ஜெக்ஃபா 20 ஆக உயர்த்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் 5 என்றே வைத்திருந்தது. பழைய அறிக்கையில் "வரம்பைத் தாண்டிவிட்டது" என்று இருந்தால், எந்த ஆண்டில், யாருடைய வரம்பு என்று பாருங்கள். உட்கொண்ட அளவு அப்படியே இருக்க, விடை மட்டும் மாறியிருக்கலாம்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது: வரம்பு அமிலமாகச் சொல்லப்படும், ஆலை சேர்ப்பது உப்பு. 100 மில்லிகிராம் சோடியம் பென்சோயேட்டில் பென்சோயிக் அமிலம் சுமார் 85தான். பொட்டாசியம் சோர்பேட் என்றால் 100க்கு 75. சோடியம் நைட்ரைட்டில் நைட்ரைட் அயனி மூன்றில் இரண்டு பங்கு. சோடியம் மெட்டாபைசல்பைட்டிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் ஏறக்குறைய அதே மூன்றில் இரண்டு. மாற்றாமல் விட்டால் விடை பெருத்துத் தெரியும்.

மூன்றாம் படி: முரட்டுக் கணக்கு ஒன்று

யாரையும் பேட்டி காண்பதற்கு முன், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். பட்ஜெட் முறை என்று பெயர். ஒருவர் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 லிட்டர் பானமும் 0.05 கிலோ திட உணவும் சாப்பிடுவதாக வைத்துக்கொள்கிறோம். அதாவது 60 கிலோ ஆள் ஒரு நாளில் 6 லிட்டர் குடிக்கிறார், 3 கிலோ சாப்பிடுகிறார். யார் சாப்பிட முடியும்? முடியாது, அதுதான் வசதி. வேண்டுமென்றே மிகையாக எடுக்கிறோம். அதில் கால் பங்குப் பானத்திலும் எட்டில் ஒரு பங்குத் திட உணவிலும் மட்டும் அந்தப் பொருள் இருக்கிறது என்பது வழக்கமான அனுமானம்.

பென்சோயேட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். பானத்தில் லிட்டருக்கு 250 மில்லிகிராம், சாஸ் வகையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானத்திலிருந்து 250 × 0.1 × 0.25 = 6.25. திட உணவிலிருந்து 1000 × 0.05 × 0.125 = 6.25. மொத்தம் 12.5.

இதைப் புதிய 20 என்ற வரம்போடு வைத்தால் வேலை முடிந்தது. இவ்வளவு மிகையாக எடுத்தும் வரம்புக்குள் இருக்கிறதே, மேற்கொண்டு ஆள், பணம், நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 5 என்ற வரம்போடு வைத்தால் இரண்டரை மடங்கு. அப்படியானால் "ஆபத்து" என்று எழுதிவிடக் கூடாது. "அடுத்த படிக்குப் போ" என்பதுதான் அதன் பொருள். முரட்டுக் கணக்கு கவலை வேண்டாம் என்று சொல்லலாம், கவலைப்படு என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை. புதியவர்கள் இந்த இடத்தில் நிற்காமல் நேராக நாளிதழுக்குச் செய்தி எழுதப் போய்விடுகிறார்கள்!

நான்காம் படி: என்ன சாப்பிட்டார்கள்?

மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நடத்துகிறது. அந்த வகை ஆய்வுகள் சோறு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று நன்றாகச் சொல்லும். பதப்படுத்திக்கு அது போதாது. ஊறுகாய் வீட்டில் போட்டதா, தேக்காவில் வாங்கிய பாட்டிலா என்பது ஊட்டச்சத்துக் கணக்குக்குப் பெரிய விஷயமில்லை. நமக்கு அதுதான் எல்லாமே. இட்லி மாவு வீட்டில் அரைத்ததா, பொட்டலமா? இஞ்சி பூண்டு விழுது அம்மியிலா, பாட்டிலிலா? தேங்காய்ப் பால் பிழிந்ததா, டப்பாவா? இதெல்லாம் கேட்டால்தான் வெளியே வரும்.

பழக்கமான கருவி 24 மணி நேர நினைவுகூர்தல். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது. ஒரே மூச்சில் கேட்காதீர்கள், ஐந்து சுற்றாகக் கேளுங்கள். முதல் சுற்றில் அவரே தடையில்லாமல் சொல்லட்டும். இரண்டாவதில் மறந்துபோகக்கூடியவற்றை நினைவூட்டுங்கள்: இடையில் குடித்த பாக்கெட் பானம், தொட்டுக்கொண்ட சாஸ், பேருந்தில் கொறித்தது. மூன்றாவதில் நேரமும் இடமும். நான்காவதில் ஒவ்வொன்றின் அளவும் பிராண்டும் சமைத்த விதமும். ஐந்தாவதில் "வேறு ஏதாவது?" என்று ஒரு தடவை. இரண்டாவது சுற்றில்தான் பதப்படுத்தி வெளியே வரும். பரோட்டா சாப்பிட்டேன் என்பார்கள், கூட வைத்த சாஸைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு போதும் "பதப்படுத்தி உள்ள உணவு சாப்பிடுவீர்களா?" என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டில் அப்படிக் கேட்டேன். "அதெல்லாம் நம்ம வீட்டுல கிடையாதும்மா, எல்லாம் வீட்டுச் சமையல்தான்" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் கோபத்தோடு. கிளம்பும்போது தண்ணீர் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். கதவில் ஏழு பாட்டில். அவர் பொய் சொல்லவில்லை. சாஸ் அவர் கணக்கில் உணவே இல்லை, தொட்டுக்கொள்வது. அன்றிலிருந்து கேள்வியை விட்டுவிட்டேன், பாட்டில்களைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். வேலைக்குப் போகும் தாயிடம் கேட்டால் அவருக்குச் சமையலறையில் எந்த பிராண்ட் சிப்பிச் சாஸ் இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். பல வீடுகளில் அது பணிப்பெண்ணுக்குத்தான் தெரியும். குழந்தையின் உணவென்றால் தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். பள்ளி முடிந்து பிள்ளை அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் இனிப்புப் பானம் உள்ளே போகிறது. பள்ளி உணவகத்தில் சாப்பிட்டதைப் பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் நேர்மை.

அளவுக்கு என்ன செய்வது? கிண்ணம், கரண்டி, கண்ணாடிக் குவளை என்று அவர்கள் வீட்டுப் பாத்திரத்தையே எடுத்து வரச் சொல்லித் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம். சாஸ், ஊறுகாய்க்கு அது சரிப்படாது. "கொஞ்சம்" என்பார்கள், கொஞ்சம் என்றால் 5 கிராமும் உண்டு 25 கிராமும் உண்டு. அதற்கு நான் செய்வது பாட்டிலை எடை போடுவது. இன்று 410 கிராம், அடுத்த வாரம் அதே நாளில் 305 கிராம். ஏழு நாளில் 105 கிராம், ஆக வீட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிராம். அப்புறம் யார் யார் தொடுகிறார்கள் என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். நான்கு பேர் வீட்டில் நாலால் வகுக்காதீர்கள். பெரும்பாலும் அப்பா ஒருவரே பாதியை முடித்திருப்பார்.

எத்தனை நாள்? ஒரு நாள் போதாது. அடுத்தடுத்து வராத இரண்டு நாளாவது வேண்டும், அதில் ஒன்று வார இறுதி. தீபாவளி வாரத்தையும் சீனப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்ப்பதா சேர்ப்பதா என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வையுங்கள். பக் குவா என்ற இனிப்பு இறைச்சித் துண்டும் குளிர்பானமும் வீடு வீடாகச் சுற்றும் வாரத்தில் பேட்டி எடுத்துவிட்டு, வருடம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லக் கூடாது, பாருங்கள்.

அரிதாகச் சாப்பிடும் உணவுக்கு இரண்டு நாள் நினைவுகூர்தலும் போதாது. "கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை?" என்று கேட்கும் சிறு பட்டியல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லஞ்சன் மீட், உலர்பழம், ஒயின் போன்றவை அதில்தான் பிடிபடும். நூறு கேள்வி வேண்டாம், பதினைந்து போதும். அதற்குமேல் போனால் ஆட்கள் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

உடல் எடையைக் கேட்டு எழுதாதீர்கள், தராசில் ஏறச் சொல்லுங்கள். பெரியவர்கள் பத்து வருடத்துக்கு முந்தைய எடையைச் சொல்வார்கள். பெயரை எங்கும் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தமிழிலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: அதில் எவ்வளவு இருக்கிறது?

மூன்று வழி. சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பை எடுத்துக்கொள்வது, உற்பத்தியாளரிடம் கேட்பது, ஆய்வுக்கூடத்தில் அளப்பது. முதலாவது இலவசம், ஆனால் மிகை. வரம்பு 1000 என்றால் எல்லா ஆலையும் 1000 போடுவதில்லை. சிங்கப்பூரில் எந்த உணவில் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்பது உணவு விதிமுறைகளில் இருக்கிறது, சிங்கப்பூர் உணவு அமைப்பின் தளத்தில் பார்க்கலாம். அந்த அமைப்பு 2019 ஏப்ரலில்தான் உருவானது. அதற்கு முந்தைய ஆவணங்களை, அப்போது உணவைக் கவனித்த ஏவிஏ என்ற அமைப்பின் பெயரில் தேடுங்கள்.

நம் உணவில் 10க்கு 9 பங்குக்கு மேல் இறக்குமதி. மலேசிய மிளகாய் சாஸ், தாய்லாந்து மீன் சாஸ், தமிழ்நாட்டு மாங்காய் ஊறுகாய் மூன்றும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. ஒன்றை அளந்து மற்றவற்றுக்கும் அதே எண் என்று போடாதீர்கள். ஈரச்சந்தையில் லேபிளே இல்லாமல் அள்ளிப் போடும் மஞ்சள் மீ, மீன் உருண்டை போன்றவற்றுக்கு ஆய்வுக்கூடம் தவிர வேறு வழியில்லை.

செலவைக் குறைக்க, ஒரே பொருளை நான்கைந்து கடைகளில் வாங்கிச் சம அளவில் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பலாம். சராசரி கிடைக்கும். யாருடையது மிக அதிகம் என்பது மறைந்துபோகும். பென்சோயிக், சோர்பிக் இரண்டையும் உயர்திறன் திரவ நிறப்பகுப்பு (எச்பிஎல்சி) என்ற ஆய்வுக்கூட முறையில் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம், இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்காதீர்கள். சல்பைட்டுக்கு வேறு முறை. அறிக்கை வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள்: அமிலமாகச் சொன்னார்களா உப்பாகச் சொன்னார்களா, கண்டறியும் எல்லை, அதாவது அந்த முறையில் பிடிபடும் மிகக் குறைந்த அளவு, என்ன?

"கண்டறியப்படவில்லை" என்பது பூஜ்யம் இல்லை. எட்டு மாதிரியில் மூன்றில் 120, 200, 310 என்று வந்து, மற்ற ஐந்தில் கண்டறியப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். கண்டறியும் எல்லை 10. ஐந்தையும் பூஜ்யம் என்று எடுத்தால் சராசரி 78.75. ஐந்தையும் 10 என்று எடுத்தால் 85. இரண்டையும் எழுதிவிடுங்கள், உண்மை இடையில் எங்கோ இருக்கிறது. இடைவெளி இவ்வளவு சின்னதாக இருந்தால் மேற்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, சேர்க்காமலே இருப்பது. தயிரில் பென்சோயிக் அமிலம் கொஞ்சம் தெரிந்தால் கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். பால் புளிக்கும்போது இயற்கையாகவே அது உருவாகும். பட்டையிலும் கிரான்பெரியிலும் உண்டு. நைட்ரேட்டில் இது இன்னும் பெரிய விஷயம். ஒரு கிலோ பசலைக் கீரையில் 2000 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பது புதுமையில்லை. ஆக 100 கிராமில் 200. நைட்ரேட்டுக்கான வரம்பு கிலோவுக்கு 3.7, 60 கிலோ ஆளுக்கு 222. ஒரு கிண்ணக் கீரைக்கூட்டு கிட்டத்தட்ட முழு வரம்பையும் எடுத்துவிடும்! அதற்காகக் கீரையை நிறுத்தச் சொல்வார்களா? காய்கறியிலிருந்து வரும் நைட்ரேட்டை அப்படியே அந்த வரம்போடு ஒப்பிடுவது பொருத்தமில்லை என்று ஜெக்ஃபாவே சொல்லியிருக்கிறது. பதப்படுத்தியாகச் சேர்த்ததையும் இயற்கையாக வருவதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

சமைக்கும்போது மாறுவதையும் கவனியுங்கள். சல்பைட் கொதிக்கும்போது ஓரளவு ஆவியாகிவிடும். மீயை வெந்நீரில் அலசும்போது கரையக்கூடியது கொஞ்சம் நீரோடு போகும். நைட்ரைட் இறைச்சிக்குள் வினைபுரிந்து குறைந்துகொண்டே வருவதால், ஆலையில் சேர்த்த அளவைக் கணக்கில் போடக் கூடாது, சாப்பிடும் நேரத்தில் எஞ்சியிருப்பதுதான் வேண்டும். முடிந்தால் மாதிரியைச் சாப்பிடும் நிலைக்குச் சமைத்து அனுப்புங்கள்.

சிறுநீரில் அளந்துவிடலாமே என்று அறிவியல் படித்தவர்கள் கேட்பார்கள். பென்சோயேட் ஹிப்பூரிக் அமிலமாகி ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும் என்பது சரிதான். ஆனால் கோப்பி, தேநீர், பழம் ஆகியவற்றிலிருந்தும் அதே ஹிப்பூரிக் அமிலம் வரும். காலையில் கோப்பி ஓ குடிக்காத ஆட்களை இந்த ஊரில் எங்கே தேடுவது?

ஆறாம் படி: பெருக்குங்கள்

ஆறு வயதுப் பெண் பிள்ளை, 20 கிலோ. எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. ரோஜா சிரப்பில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் பென்சோயிக் அமிலம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்தால் குடிக்கும் பானத்தில் லிட்டருக்கு 100. 250 மில்லிலிட்டர் குவளையில் இரண்டு குடித்தால் 50 மில்லிகிராம். தக்காளி சாஸ் 20 கிராம், கிலோவுக்கு 700 என்றால் 14. ஜாம் 15 கிராம், கிலோவுக்கு 400 என்றால் 6. மொத்தம் 70 மில்லிகிராம், 20 கிலோவால் வகுத்தால் 3.5, பழைய 5 என்ற வரம்புக்கும் உள்ளேதான். அதே அளவை 56 கிலோ எடையுள்ள அம்மா உட்கொண்டால் 1.25தான். பிள்ளைகளைத் தனியாகக் கணக்கிடச் சொல்வது இதனால்தான்.

நான் முதன்முதலில் செய்தபோது சிரப்பில் தண்ணீர் சேர்ப்பதை மறந்து 600ஐ நேரடியாகப் பெருக்கிவிட்டேன். பானம் மட்டும் 300 மில்லிகிராம், மொத்தம் 320, விடை 16, அதாவது 5 என்ற வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல். இரண்டு நாள் பதறிக்கொண்டிருந்தேன். விடை உங்களைத் திடுக்கிட வைத்தால் முதலில் கலக்கிய பங்கைப் பாருங்கள், அடுத்து அலகைப் பாருங்கள்.

70இல் 50 அந்தப் பானத்திலிருந்து வருகிறது. ஆகவே திரும்பப் போய் உறுதி செய்ய வேண்டியது குவளையின் கொள்ளளவையும் கலக்கும் விகிதத்தையும். ஜாமை இன்னும் நுணுக்கமாக நிறுப்பதில் நேரம் வீண்.

சல்பைட்டும் நைட்ரைட்டும் வேறு கதை. அந்தப் பிள்ளைக்குச் சல்பைட் வரம்பு 0.7 × 20 = 14 மில்லிகிராம். கிலோவுக்கு 1000 மில்லிகிராம் உள்ள உலர்பழம் ஒரு சின்னக் கைப்பிடி, 20 கிராம், சாப்பிட்டால் 20 மில்லிகிராம். தாண்டிவிட்டது. நைட்ரைட்டுக்கு 1.4 மில்லிகிராம்தான் இடம். நைட்ரைட் அயனி கிலோவுக்கு 20 மில்லிகிராம் எஞ்சியிருக்கும் சாசேஜ் இரண்டு, 70 கிராம், சாப்பிட்டாலே சரியாக 1.4. உழைப்பை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் பென்சோயேட்டைத் துரத்துவதைவிட இந்த இரண்டையும் துரத்துங்கள் என்பேன்.

ஏழாம் படி: சராசரியை நம்பாதீர்கள்

100 பேரில் 20 பேர் மட்டும் ஊறுகாய் சாப்பிடுகிறார்கள், ஆளுக்கு 25 கிராம். எல்லாரையும் சேர்த்த சராசரி 5 கிராம். அந்த 5 கிராமை ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. அதனால் எல்லாருக்குமான சராசரி, சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமான சராசரி, அதிகம் சாப்பிடுகிறவர்களைக் காட்டும் 95ஆம் சதமானம் (100 பேரில் 95 பேர் இதற்குள் அடங்கிவிடும் அளவு) என்று மூன்றையும் எழுதுங்கள். 30 பேரைப் பேட்டி எடுத்துவிட்டு 95ஆம் சதமானம் சொல்லாதீர்கள். அது ஒன்றிரண்டு பேரின் கதையாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு உணவிலும் 95ஆம் சதமானத்தை எடுத்து எல்லாவற்றையும் கூட்டிவிடவும் கூடாது. பானத்தையும் சாஸையும் ஜாமையும் ஒரே நாளில் உச்சமாக உட்கொள்ளும் மனிதர் கிடையாது. பழக்கத்தில் உள்ள ஒரு வழி, அதிகம் தரும் இரண்டு உணவுகளுக்கு மட்டும் உயர் அளவை எடுத்து மற்றவற்றுக்குச் சராசரியைக் கூட்டுவது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்த விடைகளை வரிசைப்படுத்தினால் இந்தக் குழப்பமே இல்லை. கையில் விரிதாள் இருக்கிறதே, அதைச் செய்யுங்கள்.

ஒரே பிராண்டை விடாமல் வாங்குகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்களுக்குச் சந்தையின் சராசரி அளவு பொருந்தாது, அந்தப் பாட்டிலின் அளவுதான் பொருந்தும். நம் வீடுகளில் ஊறுகாயும் சிரப்பும் தலைமுறையாக ஒரே பிராண்ட்.

கடைசியாக, வீடுகளுக்குத் திரும்பிப் போவது

அறிக்கையில் ஒற்றை எண் எழுதாதீர்கள். "3.1 முதல் 3.9 வரை" என்று எல்லையோடு எழுதி, எதை அனுமானித்தீர்கள், எந்த உணவை விட்டுவிட்டீர்கள், எந்த வரம்போடு ஒப்பிட்டீர்கள் என்பதை அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டதைச் சேர்க்க முடியாமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். அநேகமாக அதுதான் பெரிய ஓட்டையாக இருக்கும்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு அவர்கள் வீட்டுக் கணக்கைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு தாள் போதும்: எந்த பாட்டிலிலிருந்து எத்தனை பங்கு வந்தது என்று ஒரு பட்டைப் படம். மில்லிகிராமை யாரும் பார்க்க மாட்டார்கள், பட்டையைப் பார்ப்பார்கள். ஏழு பாட்டில் அம்மாவிடம் கொடுத்தபோது நீளமான பட்டையில் விரலை வைத்து, "இது எங்க வீட்டுக்காரரோடது" என்றார். பிறகு தராசை ஒரு வாரம் கடனாகக் கேட்டார்.